மலைக்கு அந்தப் பக்கம் வந்த பச்சைத் தண்ணீர்

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே, முன்பு பால்மரக்காடாக, ரப்பர் தோட்டமாக இருந்த இடம் அது. மரங்களை வெட்டி, மேட்டை நிரவி, வரிசை வீடுகள் கட்டி விற்றபோது நானும் கணவரும் அங்கே குடிவந்தோம். வீட்டைச் சுற்றி ஓடும் சாக்கடைகள், லோங்காங் என்போம், எல்லாம் அந்த ஓடையில்தான் போய் விழும். சமையல் தண்ணீர், குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், மழைத் தண்ணீர், எல்லாம். ஓடை நேராகச் சுண்ணாம்பு மலையின் அடிவாரத்துக்குப் போகும். அங்கே ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தின் அடியில், பாறையில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. ஓடை அதற்குள் புகுந்துவிடும். அதற்கு மேல் ஓடை கிடையாது.

அந்தப் பொந்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாலையில் நடக்கப் போகும்போது பக்கத்தில் நின்றுகூட இருக்கிறேன். தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என் வேலை போனது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவள் நான். வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து சிவில் பொறியியல் ஆய்வுக்குழு ஒன்று எங்கள் பகுதிக்கு வந்தது. மழை மாறிவிட்டது, முன்பு ஒரு மாலை முழுக்கப் பெய்த மழை இப்போது கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, அதற்கு நம் சாலைகளும் கால்வாய்களும் தாங்குமா என்பதுதான் அவர்கள் ஆய்வு. மழைமானியைப் பார்த்துக்கொள்ள, கருவிகளைத் துடைத்துவைக்க, ஊர்க்காரர்களிடம் பேச, உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்று தாமான் வாட்சாப் குழுவில் செய்தி போட்டார்கள். நான் கேட்டேன், கிடைத்தது.

குழுவின் தலைவி ஈப்போவிலேயே பிறந்த பெண். என்னைவிட வயதில் சின்னவர், விரிவுரையாளர். நான் அவரை டாக்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கழுத்தை மறைக்கும் தொப்பி போட்டுக்கொண்டு வேகவேகமாக நடப்பார். நடுவில் சட்டென்று நின்று, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். முதல் வாரத்தில் யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அவசரம் இருந்தது. பள்ளத்தை மண் போட்டு மூடி, அதன்மேல் கடைவீடுகள் கட்ட ஒரு மேம்பாட்டாளர் திட்டம் போட்டிருந்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் 'நிரப்ப வேண்டிய தாழ்நிலம்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஓடையைப் புதிய கால்வாயில் திருப்பி, மேற்கே இருக்கும் ஆற்றில் விடுவதாக ஏற்பாடு.

"பொந்துல போற தண்ணி எங்க வெளிய வருதுன்னு தெரியணும் அக்கா. அது தெரியாம மூடக்கூடாது."

"ஆத்துக்குத்தான் போகும் டாக்டர். வேற எங்க போகும்?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா யாரும் பாத்ததில்லையே."

பார்ப்பதற்கு வழி, சாயம் கலப்பது. செங்கல் தூள் மாதிரி ஒரு பொடி. தண்ணீரில் விழுந்தால் பச்சையாகிவிடும். ஆற்றங்கரையில் எங்கெல்லாம் ஊற்று கசிகிறதோ அங்கெல்லாம் கரி நிரப்பிய சின்னப் பைகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்து வந்தாலும் கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன்தொட்டிக் கடையில் கரி வாங்கி, பழைய கொசுவலையை வெட்டி, பைகளை நானே தைத்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் கணவர், "யூனிவர்சிட்டி வேலன்னு சொன்ன, மீனுக்குச் சட்ட தைக்கிற?" என்றார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். எதையாவது சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடும் பழக்கம் அவருக்கு.

சாயம் கலக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் பொறுப்பும் என்னுடையது. மாவட்ட அலுவலகத்தில் சொன்னோம். ஆற்றங்கரையில் மீன் வளர்க்கும் சீனக் குடும்பத்திடம், கீரைத் தோட்டக்காரர்களிடம், எங்கள் தாமானில், எல்லாரிடமும் போய்ச் சொன்னேன். மலைக்கு அந்தப் பக்கம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குறுக்கே ஒரு முழு மலை நிற்கிறதே.

மழை பெய்து வெறித்த ஒரு காலையில் வாளியில் கரைத்து ஊற்றினோம். ஓடை பச்சையானது. செண்டோல் இனிப்பின் பச்சை இல்லை, அதைவிடக் கூர்மையான பச்சை. வெயில் பட்ட இடத்தில் உள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அது வளைந்து நெளிந்து போய்ப் பொந்துக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடை பழையபடி கலங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

ஆற்றங்கரைக்குப் போய் மர நிழலில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக்கைப் பிரித்தோம். சில நாட்களாவது ஆகும் என்றார் டாக்டர். பாதி சாப்பிட்டிருப்போம், என் கைப்பேசிக்குக் கணவரிடமிருந்து ஒரு காணொளி வந்தது. கீழே, 'இது உங்க வேலையா?' என்று எழுதியிருந்தார்.

காணொளியில் ஒரு கார் கழுவும் கடை. ரப்பர் பூட்ஸ் போட்ட பருமனான மனிதர் ஒருவர் குழாயைப் பிடித்தபடி உறைந்து நிற்கிறார். குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. எதிரே ஒரு வெள்ளைக் கார், எங்கள் பேச்சில் காடி, பாதி பச்சை. படம் பிடித்தவரின் குரல் பின்னாலிருந்து, "அண்ணே! என்னாலா இது! என் காடிய பச்சையாக்கிட்டீங்க!" என்று கத்துகிறது.

டாக்டர் கைப்பேசியை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது எங்க அக்கா?"

"மலைக்குப் பின்னால டாக்டர். அந்தக் கடைய எனக்குத் தெரியும், ரோட்டுல போறப்ப பாத்திருக்கேன்."

"பின்னாலயா? அது ஆத்துக்கு நேர் எதிர் திசையாச்சே!" என்றவர் எழுந்துவிட்டார். முகத்தில் பயம் பாதி, சந்தோஷம் பாதி. சோற்றுப் பொட்டலத்தை மூடாமலே காடிக்கு ஓடினார்.

மலையைச் சுற்றிப் போக வேண்டும். வழியில் டாக்டர் சத்தமாக யோசித்துக்கொண்டே வந்தார். கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். நீண்ட தூரம், பல பிளவுகள், மெல்லிய கசிவு என்பது அவர் எதிர்பார்ப்பு. இவ்வளவு அடர்த்தியாக, இவ்வளவு சீக்கிரம் வந்ததென்றால் உள்ளே கசிவு இல்லை, குழாய் மாதிரி நேரான பாதை இருக்கிறது. "மலைக்குள்ள ஒரு ஆறு ஓடுது அக்கா!" என்றார்.

கடைக்காரர் பம்பை நிறுத்திவிட்டு வாசலில் நின்றிருந்தார். பின்னால், மலையின் காலடியில், தாழ்ந்த குகை வாய். அதன் முன்னால் ஒரு குளம். குளம் முழுக்கப் பச்சை. கடைக்கு மேலே 'சுத்தமான மலை ஊற்று நீர்' என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பலகை வைத்திருந்தார்.

"யாரு நீங்க? கெமிக்கல் கம்பெனியா?"

"இல்லண்ணே, யூனிவர்சிட்டிலேர்ந்து வாரோம்" என்றேன்.

"யூனிவர்சிட்டிக்கு என் தண்ணில என்னா வேல? பொம்பாவுக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டு இருக்காங்க."

டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் குளத்தில் கைவிட்டுத் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டார். கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். "கண் டாக்டர்ங்க கண்ணுல விடுற சாயம்தான் அண்ணே இது. ஒண்ணும் செய்யாது. காடியும் கழுவினா போயிரும். சொல்லாம விட்டது எங்க தப்பு, மன்னிச்சிருங்க" என்றார். வெள்ளைக் காடிக்காரரையும் அவரே சமாதானப்படுத்தினார். பக்கத்துக் கடையிலிருந்து தண்ணீர் பிடித்து வந்து நானும் டாக்டரும் அந்தக் காடியைக் கழுவிக் கொடுத்தோம். தீயணைப்பு வண்டி வந்து, விவரம் கேட்டு, படம் எடுத்துக்கொண்டு போனது.

எல்லாரும் போன பிறகு கடைக்காரரின் கோபம் இறங்கி, கேள்வி ஏறியது.

"சரி. இத எங்க ஊத்துனீங்க?"

"எங்க தாமான்லண்ணே. மலைக்கு அந்தப் பக்கம்."

"அங்கேர்ந்து எப்படிலா வரும்? இது கேமரன் மலையிலேர்ந்து உள்ளுக்குள்ளயே வர்ற தண்ணி. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிருக்கேன்." மேலே மலையைக் காட்டினார். பிறகு கையை மெதுவாகக் கீழே போட்டார். "உங்க தாமான்ல லோங்காங் தண்ணி எங்க போகுது?"

"அந்த ஓடைக்குத்தாண்ணே."

"குளிக்கிற தண்ணி?"

"அதுவும்."

"துணி தொவைக்கிறது?"

நான் தலையாட்டினேன். அவர் குளத்தைப் பார்த்தார், பிறகு மேசைமேல் இருந்த கெண்டியைப் பார்த்தார். அந்தத் தண்ணீரில்தான் வருடக்கணக்காகத் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார் மனிதர். வருகிறவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"காச்சித்தான் குடிச்சேன்" என்றார் கடைசியில். அப்புறம், "சில நாளு நொர மெதக்கும். நம்ம ஷாம்பு நொரதான்னு நெனச்சேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து துணி துவைக்க மெஷினைப் போட்டேன். அழுக்குத் தண்ணீர் பின்வாசல் லோங்காங்கில் விழுந்து நுரையோடு ஓடியது. ஒவ்வொரு நாளும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அதன் பின்னாலேயே என் மனம் ஓடியது. வளைவு, ஓடை, பள்ளம், பொந்து, இருட்டு, அந்தப் பக்கம் ஒருவரின் கெண்டி. வெட்கமாக இருந்தது. அதே சமயம், நடுவில் இருக்கும் அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் அடங்கவில்லை. அங்கே தண்ணீர் நின்று போகுமா, அருவியாக விழுமா, மீன் இருக்குமா?

குளத்தில் ஒரு கருவி வைக்க டாக்டர் அனுமதி கேட்டார். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று தானாகவே அளந்து வைத்துக்கொள்ளும் குழாய் அது. கடைக்காரர் மறுத்துவிட்டார். காணொளி ஊரெல்லாம் சுற்றியதில் அவர் கடைக்கு ஆள் வருவது குறைந்திருந்தது. பலகையையும் கழற்றிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கணவரின் வேனைக் கழுவ அங்கே கொண்டுபோனேன். கடைக்காரர் குளத்தை விட்டுவிட்டு, அரசாங்கக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். முடித்துத் துடைக்கும்போது, வேனைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கி எப்ப ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"இங்க எப்ப வந்துச்சுன்னு உங்க டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. நாங்க அந்தப் பக்கம் ஆத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"எனக்குத் தெரியும். பசியாறிட்டு வந்து ரெண்டாவது காடிக்கு ஷாம்பு போட்டுட்டு இருந்தேன். கொளம் ஓரத்துல மொதல்ல லேசா ஒரு மஞ்சள் மாதிரி." துணியைப் பிழிந்தார். "மல அவ்ளோ பெரிசு. அவ்ளோ வெரசா எப்படி வந்துச்சு? அதத்தான் யோசிச்சிட்டே இருக்கேன். தூக்கம் வர மாட்டேங்குது."

அங்கேயே டாக்டரைக் கூப்பிட்டுக் கைப்பேசியை அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பேசினார்கள். மறுவாரம் கருவி குளத்தில் இறங்கியது. அன்றிலிருந்து கடைக்காரர் எனக்குத் தினமும் செய்தி அனுப்பத் தொடங்கினார். இன்று தெளிவு. இன்று கலங்கல். இன்று ஒரு சின்ன மீன், கண் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆண்டுக் கடைசி மழைக்காலம் வந்தது. ஒரு நாள் பிற்பகல் எங்கள் பக்கம் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. கடைக்காரர் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அங்க மழையா? இங்க வெயில் கொளுத்துது. ஆனா கொளம் செம்மண் கலர்ல ஏறுது!"

"கொட்டுதுண்ணே!"

"பாத்தியா!" என்று அவர் சிரித்தது எனக்கும் சிரிப்பை வரவழைத்தது. வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார்.

"மழ விட்டிருச்சா?"

"இல்லண்ணே, இன்னும் கூடிருக்கு."

"அப்புறம் ஏன் இங்க தண்ணி எறங்குது?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பள்ளம் ஒரு ஏரி மாதிரி நிறைந்துகொண்டிருந்தது. பொந்து இருந்த இடத்தில் ஒரு பழைய மெத்தை நிமிர்ந்து ஒட்டிக்கொண்டு நின்றது. யாரோ ஓடையில் போட்டது. வெள்ளம் அதை இழுத்து வந்து வாயை அடைத்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம் போக முடியாத தண்ணீர் எல்லாம் எங்கள் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "யாரும் கிட்ட போகக்கூடாது அக்கா! மெத்த நழுவுனா ஆளையும் சேத்து உள்ள இழுத்துரும். வீடுங்களுக்குச் சொல்லுங்க!"

கீழ்வரிசை வீடுகளுக்கு ஓடினேன். கதவு கதவாகத் தட்டினோம், நானும் கணவரும். காடிகளை மேட்டுக்கு ஏற்றினார்கள். சாமான்களைக் கட்டில்மேல் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் சாலையைத் தாண்டி வீட்டுக்குள் வந்து முழங்காலுக்குக் கீழே நின்றது. மெத்தையை இழுக்கப் போகிறேன் என்று கிளம்பிய இரண்டு பேரைக் கணவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். மழை விட்ட பிறகும், ஓரங்களில் கசிந்து கசிந்து, மெதுவாகத்தான் வடிந்தது.

மறுநாள் காலை கார் கழுவும் அண்ணன் கடையை மூடிவிட்டு, நீண்ட கொக்கியும் கயிறும் எடுத்துக்கொண்டு வந்தார். மலையின் இந்தப் பக்கத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பள்ளத்தின் விளிம்பில் நின்று பொந்தை நெடுநேரம் பார்த்தார். "இதுதானா?" என்றார். ஓடை சிறுத்திருந்தது. தாமான் ஆட்களோடு சேர்ந்து அவரும் மெத்தையை இழுத்து வெளியே போட்டார். கூடவே சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மரக்கிளைகள். அடைப்பு விலகியதும் பொந்து பெரிய மூச்சு விட்டது போல ஒரு சத்தம் எழுப்பியது. அவர் உடனே கடையில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, "கொளத்தப் பாரு, ஏறுதான்னு பாரு" என்றார். ஏறியது.

பள்ளத்தை மூடும் திட்டம் பற்றி மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் நடந்தபோது, அந்த வெள்ளம்தான் எங்களுக்காகப் பேசியது. டாக்டர் இரண்டு கோடுகளைத் திரையில் காட்டினார். ஒன்று எங்கள் மழை, ஒன்று அந்தப் பக்கத்துக் குளம். மழைக் கோடு மேலே போய்க்கொண்டிருக்கும்போது குளத்துக் கோடு சட்டென்று கீழே விழும் இடத்தைச் சுட்டி, "இது மெத்தை அடைச்ச நேரம். பள்ளத்தை மண் போட்டு மூடினா, ஒவ்வொரு மழைக்கும் இதுதான் நடக்கும்" என்றார். புதிய கால்வாய் இருக்கிறதே என்றார் மேம்பாட்டாளரின் ஆள். இந்த மாதிரி மழைக்கு அது மட்டும் போதாது என்று டாக்டர் கணக்கைக் காட்டினார். எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் நடந்தது, இன்னொரு கூட்டம் நடந்தது. கடைசியில் கடைவீடுகளைத் தாமானின் மறுகோடிக்கு மாற்றினார்கள். பொந்துக்கு முன்னால், ஓடை அகலமாக இருக்கும் இடத்தில், குப்பையைப் பிடிக்க இரும்புக் கம்பித் தடுப்பு வந்தது. அதை முறை வைத்துச் சுத்தம் செய்கிறோம்.

வெள்ளம் அதோடு முடிந்துவிடவில்லை. மலைக்குள் இருக்கும் பாதை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தாங்கும். மீதித் தண்ணீர் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். தாமானின் பந்துத் திடலைத் தாழ்த்தித் தோண்டலாம், காய்ந்த நாளில் விளையாடலாம், மழை நாளில் தண்ணீர் நிற்கட்டும் என்றார் டாக்டர். இதற்கு வந்த எதிர்ப்பைச் சமாளித்தது என் வேலை. திடல் போய்விடும் என்று பயந்தவர்களிடம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினேன். சிலர் தேநீர் கொடுத்தார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. கீழ்வரிசைப் பெண்கள் எனக்காகப் பேச வந்த பிறகுதான் காரியம் நடந்தது.

சென்ற மாதம் தோண்டும் இயந்திரம் வந்தது. இரண்டாம் நாள், திடலின் ஓரத்தில், மண்ணுக்கு அடியில் வெள்ளைப் பாறை முகம் காட்டியது. பாறையில் ஒரு விரிசல், ஒரு கை நுழையும் அளவுக்கு. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். டாக்டர் வேலையாட்களையும் இயந்திரத்தையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, சுற்றிலும் பாறை உறுதியாக இருக்கிறதா என்று கம்பியால் தட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். சேற்றில் குப்புறப் படுத்து, விரிசலில் காதை வைத்தார்.

"அக்கா, வாங்க வாங்க. சத்தம் போடாதீங்க."

நானும் பக்கத்தில் படுத்தேன். முதலில் என் மூச்சுதான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெகு கீழே, சீராக, தண்ணீர் ஓடும் சத்தம்.

"இது நம்ம ஓடையா டாக்டர்?"

"இல்லக்கா" என்றார், காதை எடுக்காமலே. "நம்ம ஓட அந்தப் பக்கம். இது வேற ஏதோ ஒண்ணு."